ஆங்கிலத்தில் விலங்குக் கூட்டங்களுக்குப் பெயர் சொல்வது எப்படி?

எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் 'கலெக்டிவ் நவுன்' என்று சொல்லிப் பாருங்கள். சிங்கத்துக்கு 'பிரைடு', காக்கைக்கு 'மர்டர்', ஆந்தைக்கு 'பார்லிமென்ட்', ஒட்டகச்சிவிங்கிக்கு 'டவர்' என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். அதே பிள்ளையிடம், "வழியில ஆடு மறிச்சதால பஸ் லேட்டாயிடுச்சு, இதை இங்கிலீஷ்ல சொல்லு" என்றால் 'மெனி மெனி கோட்ஸ்' என்பதோடு நின்றுவிடும். ஒட்டகச்சிவிங்கியை அது பார்த்ததே கிடையாது. ஆட்டைப் பார்க்காத நாள் கிடையாது.

ராஜபாளையத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள் நான். பள்ளிப் பிள்ளைகளும் வருவார்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெரியவர்களும் வருவார்கள். இந்தப் பாடத்தைத் தலைகீழாக நடத்துகிறோம் என்பது என் உறுதியான எண்ணம். ஆங்கிலேயர்களே பேச்சில் எடுக்காத அலங்காரச் சொற்களை முதலில் மனப்பாடம் செய்ய வைக்கிறோம். தினமும் வாயில் புழங்க வேண்டிய சொற்கள் அந்தக் குவியலுக்கு அடியில் கிடக்கின்றன. இந்தக் கட்டுரை அதைத் திருப்பிப் போட்டுக் கற்பதற்கான வழி. முதலில் உயிரோடிருக்கும் சொற்கள், அலங்காரச் சொற்கள் பிறகு.

முதலில் ஐந்து சொல்

ஹெர்ட், ஃப்ளாக், பேக், ஸ்வார்ம், ஷோல். இந்த ஐந்தும் கைவசம் இருந்தால் அன்றாடம் பேசவும் செய்தித்தாள் படிக்கவும் பெரும்பாலும் போதும்.

'ஹெர்ட்' என்பது மேயும் பெரிய விலங்குகளுக்கு. மாடு, எருமை, மான், காட்டெருமை, குதிரை, யானை எல்லாம் இதில் அடங்கும். புல்லையோ தழையையோ தின்றுகொண்டு சேர்ந்தே நகரும் உருவம் பெரிய விலங்கா? தயங்காமல் 'ஹெர்ட்' போடலாம். யானையில் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யானைக் கூட்டம் என்பது மூத்த பெண் யானை வழிநடத்தும் குடும்பம். அம்மா, சித்தி, பெரியம்மா, குட்டிகள். வளர்ந்த ஆண் யானை பெரும்பாலும் தனியாகத்தான் திரியும். அதனால்தான் ஆங்கிலச் செய்திகளில் ஊருக்குள் கூட்டமாக வந்தால் 'ஹெர்ட்' என்றும், தனியாகக் கொம்பன் வந்தால் 'லோன் டஸ்கர்' என்றும் பிரித்து எழுதுகிறார்கள். 'டஸ்கர்' என்ற சொல்லைப் பார்த்ததும் அது ஆண் யானை என்பது வாசிக்கிறவருக்குப் புரிந்துவிடும்.

'ஃப்ளாக்' பறவைகளுக்கும் ஆட்டுக்கும். எந்தப் பறவையாக இருந்தாலும் இது பொருந்தும். கொக்கு, கிளி, புறா, காக்கை, மயில், எதற்கு வைத்தாலும் தவறில்லை. செம்மறி ஆட்டுக்கு இதுதான் நிலையான சொல். வெள்ளாட்டுக்கு 'ஹெர்ட்' என்றும் சொல்கிறார்கள், 'ஃப்ளாக்' என்றும் சொல்கிறார்கள், இரண்டும் சரி. நமக்கு இரண்டுமே ஆடு. அவர்களுக்கோ 'ஷீப்' வேறு, 'கோட்' வேறு. எனவே எந்த ஆடு என்று முதலில் பார்த்துக்கொண்டு சொல்லைத் தேர்ந்தெடுங்கள்.

என் வகுப்பில் கீதாரிக் குடும்பத்துப் பையன் ஒருவன் இருந்தான். அவன் அப்பா கிடை போடுகிறவர். அறுப்பு முடிந்த வயலில் செம்மறிகளை இரவு தங்கவைப்பார்கள், புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரமாகும். இதை ஆங்கிலத்தில் சொல் என்றேன். 'அவர் ஃப்ளாக் ஸ்லீப்ஸ் இன் தி ஃபீல்டு' என்றான். பிறகு தானாகவே, 'தி ஃபார்மர் கிவ்ஸ் அஸ் ரைஸ் ஃபார் தட்' என்று சேர்த்தான். அந்த வயதில் அதைவிட நல்ல வாக்கியத்தை நான் எதிர்பார்த்திருக்க முடியாது. 'ஃப்ளாக்' என்ற சொல் அவனுக்கு அதன்பிறகு மறக்கவே இல்லை. பட்டியலிலிருந்து எடுத்திருந்தால் பரீட்சை முடிந்த அன்றே போயிருக்கும்.

'பேக்' சேர்ந்து வேட்டையாடும் நாய் இனத்துக்கு. ஓநாய், செந்நாய், வேட்டை நாய். தெருவில் கூட்டமாகத் துரத்தும் நாய்களுக்கும் இதுவே. ஓநாய்க் கூட்டம் என்றதும் சண்டைபோட்டுத் தலைமையைப் பிடித்த முரட்டு ஓநாயும் அதற்கு அடங்கிய மற்றவையும் என்று நினைப்பவர்கள் பலர். காட்டில் இருக்கும் 'பேக்' பெரும்பாலும் அப்பா, அம்மா, அவற்றின் கடந்த ஓரிரு வருடக் குட்டிகள் சேர்ந்த குடும்பம்தான். ஆனாலும் 'பேக்' என்ற சொல்லில் ஒரு மிரட்டல் ஒட்டியிருக்கிறது. வீட்டில் அருமையாக வளர்க்கும் நாய்களை அப்படிச் சொன்னால் கேட்பவருக்கு உறுத்தலாம்.

'ஸ்வார்ம்' பறக்கும் பூச்சிக் கூட்டத்துக்கு. இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கூட்டில் குடியிருக்கும் தேனீக்கள் 'ஸ்வார்ம்' அல்ல, 'காலனி'. கூட்டில் நெருக்கடி அதிகமானால் பழைய ராணி, வேலைக்காரத் தேனீக்களில் பெரும்பகுதியைக் கூட்டிக்கொண்டு புது இடம் தேடிக் கிளம்பும். போகிற வழியில் ஏதாவது வேப்பங்கிளையில் பலாப்பழம் போலத் திரண்டு தொங்கும். துப்பறியும் தேனீக்கள் போய் இடம் பார்த்துவரும் வரை அங்கேயே காத்திருக்கும். வெளியே வந்து நகர்ந்துகொண்டிருக்கும் அந்தத் திரள்தான் 'ஸ்வார்ம்'. அப்படி வெளியேறும் செயலுக்கும் அதே சொல்தான் வினைச்சொல். வெட்டுக்கிளிக்கும் இது பொருந்தும். 2020-இல் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் பாலைவன வெட்டுக்கிளிகள் இறங்கியபோது ஆங்கிலத் தாள்களில் 'லோகஸ்ட் ஸ்வார்ம்' என்றுதான் தலைப்பு வந்தது. எறும்பும் 'காலனி'தான். உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறேன்: நம் ஊரில் 'ஸ்வார்ம்' என்கிறோம், ஆங்கிலேயர் வாயில் அது 'ஸ்வோர்ம்'. சூடு என்ற பொருளில் வரும் 'வார்ம்' என்ற சொல்லையும் அவர்கள் 'வோர்ம்' என்றுதான் சொல்வார்கள்.

ஐந்தாவது, மீனுக்கான 'ஷோல்'. மீனுக்கு 'ஸ்கூல்' என்றுதானே படித்தோம் என்பீர்கள். இரண்டும் உண்டு. பள்ளிக்கூடம் என்ற 'ஸ்கூல்' வேறு, மீனின் 'ஸ்கூல்' வேறு. மீனுடையது டச்சு மொழியில் கூட்டம் என்ற பொருளில் இருந்த சொல்லிலிருந்து வந்தது, 'ஷோல்' என்பதும் அதன் உறவுதான். மீன்களை ஆராய்கிறவர்கள் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். மீன்கள் சேர்ந்து இருந்தாலே 'ஷோல்'. எல்லாம் ஒரே திசையில், ஒரே வேகத்தில், ஒன்றாகத் திரும்பி ஒன்றாக நீந்தினால்தான் 'ஸ்கூல்'. குளத்தில் பொரி போட்டதும் சிதறலாக மொய்க்கும் மீன்கள் 'ஷோல்'. கடலில் வெள்ளித் தகடு திரும்புவதுபோல ஒருசேரத் திரும்பும் சாளை 'ஸ்கூல்'. பேச்சில் இவ்வளவு கறார் வேண்டியதில்லை. ஆனால் காரணம் தெரிந்தால் சொல் மனதில் நிற்கும்.

கூட்டம் என்ன செய்கிறது?

ஒரே விலங்குக்கு இரண்டு மூன்று பெயர் இருப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் மிரள்கிறார்கள். பெயர் மாறுவது பெரும்பாலும் விலங்கால் அல்ல, அது அப்போது செய்யும் வேலையால். இது பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

காட்டு வாத்து இனத்தில் பெரியதான 'கூஸ்' நல்ல உதாரணம். தரையில் கத்திக்கொண்டு நிற்கும் கூட்டம் 'கேகிள்'. அதே கூட்டம் எழும்பி வரிசை பிடித்து வானத்தில் போனால் 'ஸ்கேன்'. நூல்கண்டைப் பிரித்துச் சுற்றி வைக்கும் சிட்டத்துக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். வானத்தில் நீளமாக இழுபடும் அந்த வரிசையை ஒருமுறை பார்த்தவர்களுக்குப் பெயர்ப் பொருத்தம் விளங்கும். திருநெல்வேலி கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் வருகின்றன. முடிந்தால் பிள்ளைகளைக் கூட்டிப்போய், தரையில் இருக்கும்போது ஒரு பெயரும் பறக்கும்போது இன்னொரு பெயரும் சொல்ல வையுங்கள்.

மாடு மேய்ந்தால் 'ஹெர்ட்', ஓட்டிக்கொண்டு போனால் 'ட்ரோவ்'. ஓட்டுதல் என்ற 'ட்ரைவ்' சொல்லின் உறவுக்காரன் இது. லாரியும் ரயிலும் வருவதற்கு முன் ஸ்காட்லாந்து மலைகளிலிருந்தும் வேல்ஸிலிருந்தும் மாடுகளை நடத்தியே இங்கிலாந்துச் சந்தைகளுக்குக் கொண்டுபோனார்கள். ஸ்காட்லாந்தின் ஃபால்கர்க் சந்தையில் கைமாறி, தெற்கே நடந்து, கடைசியில் லண்டன் ஸ்மித்ஃபீல்டில் வெட்டுக்குப் போன மாடுகள் ஏராளம். ஓட்டிப்போனவர்களுக்கு 'ட்ரோவர்' என்று பெயர், அவர்கள் போன பாதைகளுக்கு 'ட்ரோவ் ரோடு' என்று பெயர். சில பாதைகள் இன்றும் இருக்கின்றன. இப்போது இந்தச் சொல் மனிதர்களுக்கே அதிகம் பயன்படுகிறது. மக்கள் திரள் திரளாக வந்தார்கள் என்பதை 'இன் ட்ரோவ்ஸ்' என்கிறார்கள்.

ஏரில் பூட்டிய ஜோடிக் காளை 'யோக்'. வண்டியிலோ ஏரிலோ ஒன்றாகப் பூட்டி இழுக்கவைக்கும் விலங்குகள் 'டீம்'. கிரிக்கெட் டீமுக்கு முன்னால் இருந்த பொருள் இதுதான். பந்தயக் குதிரைகளை வைத்திருப்பவரின் குதிரைகள் 'ஸ்ட்ரிங்'. வேட்டையில் விழுந்த பறவை இரண்டு என்றால் 'பிரேஸ்', வேட்டை நாய் மூன்று என்றால் 'லீஷ்'. கடைசி இரண்டும் வேட்டைக்காரர் பேச்சு, பழைய ஆங்கிலக் கதைகள் படிக்கும்போதுதான் உதவும்.

'மர்மரேஷன்' என்ற சொல்லும் பழைய பட்டியல் ஒன்றிலிருந்து (அதைப் பின்னால் சொல்கிறேன்) தப்பிவந்து இப்போது நன்றாக உயிர்பெற்றிருக்கிறது. 'ஸ்டார்லிங்' என்ற சிறு பறவைகள் குளிர்கால மாலைகளில், அடையப் போவதற்கு முன், ஆயிரக்கணக்கில் வானத்தில் சுழலும். புகை போல விரிந்து, சுருங்கி, ஒரு நொடியில் வடிவம் மாறும். வல்லூறு ஒன்று உள்ளே பாய்ந்தால் நடுவில் பள்ளம் விழுந்து உடனே மூடிக்கொள்ளும். இங்கிலாந்தில் பிரைட்டன் கடற்கரைப் பாலத்துக்கும் சாமர்செட் சதுப்பு நிலங்களுக்கும் இதைப் பார்க்கவே ஆட்கள் போகிறார்கள். முதலில் இந்தச் சொல் முணுமுணுப்பு ஓசையைக் குறித்தது. இப்போது பெரும்பாலும் அந்த வானத்துச் சுழற்சியையே குறிக்கிறது. நம் பக்கம் சோளக்காட்டுக்குக் குளிர்காலத்தில் வரும் சூறைக்குருவி இதே குடும்பம்தான், அதுவும் மாலையில் இப்படிச் சுற்றும்.

தங்கும் இடத்தைப் பொறுத்தும் பெயர் உண்டு. ஒரே இடத்தில் நெருக்கமாகக் கூடுகட்டும் பறவைகள் 'காலனி'. நாரைகளும் கொக்குகளும் கூடுகட்டும் வேடந்தாங்கல் போன்ற இடம் 'ஹெரான்ரி'. வௌவால்கள் கூட்டமாக இருந்தால் 'காலனி', அவை பகலில் தொங்கும் மரம் 'ரூஸ்ட்'.

ஈத்தும் அடையும்

இந்தப் பகுதியில் நமக்குத் தமிழ் கைகொடுக்கிறது. நாய் வளர்ப்பவர்கள் நிறைந்த ஊர் எங்களுடையது. "இது ரெண்டும் ஒரே ஈத்துக் குட்டி" என்பது சாதாரணப் பேச்சு. ஈத்து என்று நாம் சொல்கிறோமே, அதுதான் 'லிட்டர்'. நாய், பூனை, பன்றி, முயல் என்று ஒரே பிரசவத்தில் பல குட்டி போடும் விலங்குக்குத்தான் இது. மாட்டுக்கும் யானைக்கும் வராது. பால் அளக்கும் லிட்டரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது ஆங்கில வாயில் 'லீட்டர்'. குப்பைக்கும் 'லிட்டர்' என்ற அதே சொல் உண்டு, இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

கோழிக்கு வாருங்கள். அடை வைத்த முட்டைகள் மொத்தமும் 'கிளச்'. பொரித்து வெளிவந்து தாயின் பின்னால் ஓடும் குஞ்சுகள் 'ப்ரூட்'. அடைகாக்கும் செயலும் 'ப்ரூட்'தான், கவலையை மனதுக்குள் வைத்து அடைகாப்பதும் 'ப்ரூட்'தான். கவுதாரி, காடைக்கு வரும் 'கவி' என்ற சொல்லும் அடைகாத்தல் என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஒரே அடையில் பொரித்த குஞ்சுகள் வளர்ந்த பிறகும் பெற்றோரோடு சேர்ந்தே திரிவதால் அந்தப் பெயர். 'கோவே' என்று எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். புலவரைச் சொல்லும் கவி போலவே சொன்னால் சரியாக இருக்கும்.

தனக்கென்று ஒரு சொல் வைத்திருப்பவை

சிங்கத்தின் 'பிரைடு' பாட்டி காலத்துச் சொல்தான், ஆனாலும் ஆராய்ச்சியாளர்கள் வரை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். அதில் நிலையாக இருப்பவை உறவுக்காரப் பெண் சிங்கங்களும் குட்டிகளும். ஆண்கள் வருவார்கள், சில வருடம் இருப்பார்கள், வேறு ஆண்கள் வந்து விரட்டுவார்கள். சேர்ந்து திரியும் ஆண் சிங்கங்களுக்குக் 'கோவலிஷன்' என்று தனிப்பெயர்.

திமிங்கிலம், டால்பின் இரண்டுக்கும் 'பாட்'. கடலில் சீல், திமிங்கில வேட்டைக்குப் போனவர்கள் பேச்சிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் பரவிய சொல் இது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக்கும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கும் இடைப்பட்ட கடலில் ஓர்க்காத் திமிங்கிலங்களின் மூன்று குடும்பங்களை ஜே பாட், கே பாட், எல் பாட் என்று பெயரிட்டு, ஒவ்வொரு திமிங்கிலத்தையும் முதுகுத் துடுப்பை வைத்து அடையாளம் கண்டு கண்காணிக்கிறார்கள். அங்கே ஆண் குட்டி வளர்ந்து பெரிதானாலும் கடைசிவரை அம்மாவோடுதான் இருக்கும்.

குரங்குக்கு 'ட்ரூப்'. சஞ்சீவி மலை அடிவாரத்தில் நம்மிடம் தேங்காய் பிடுங்குபவையும் 'ட்ரூப்'தான். கங்காருவுக்கு 'மாப்', ஆஸ்திரேலியர்கள் செம்மறிக்கும் இதையே சொல்வார்கள். காட்டுப்பன்றிக்கு 'சவுண்டர்'. மக்காச்சோளத்தில் பன்றி இறங்கிவிட்டது என்று எங்கள் பக்கத்து விவசாயிகள் சொல்லாத மாதமில்லை. பழைய இந்திய வேட்டைக் குறிப்புகளிலும் இன்றைய வனத்துறை ஆங்கிலத்திலும் இந்தச் சொல் வரும். தெரியாவிட்டால் 'எ க்ரூப் ஆஃப் வைல்டு பிக்ஸ்' என்றால் எவரும் குறை சொல்ல மாட்டார்கள். தோட்டத்தில் கீச்சிட்டுக்கொண்டு ஆறேழாகத் திரியும் தவிட்டுக்குருவிகளைப் பறவை பார்ப்பவர்கள் 'எ பார்ட்டி ஆஃப் பேப்ளர்ஸ்' என்று குறிப்பெழுதுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. அந்தக் குருவிகளின் சலசலப்புக்கு வேறு எதுவும் இவ்வளவு பொருந்தாது.

1486-இல் அச்சான பட்டியல்

அப்படியானால் அந்த 'மர்டர்', 'ஸ்லாத்', 'ஸ்கல்க்' எல்லாம் எங்கிருந்து வந்தன? இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொன்னால் பயம் போய் ருசி வரும்.

லண்டனுக்கு வடக்கே செயின்ட் ஆல்பன்ஸ் என்ற ஊர். இங்கிலாந்தில் காக்ஸ்டன் முதல் அச்சகம் வைத்துப் பத்து வருடம் ஆன நேரம். 1486-இல் அந்த ஊரில் ஒரு புத்தகம் அச்சானது. வல்லூறு வைத்து வேட்டையாடுவது, நாய் வைத்து வேட்டையாடுவது, குடும்பச் சின்னங்களைப் படிப்பது என்று பெரிய வீட்டுப் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டியவை அதில் இருந்தன. அச்சிட்டவரின் பெயர் யாருக்கும் தெரியாது. 'ஸ்கூல்மாஸ்டர் பிரின்டர்', அதாவது வாத்தியார் அச்சுக்காரர், என்றே வரலாற்றில் குறிப்பிடுகிறார்கள். ஓர் ஆசிரியர் கையால் இந்தப் பட்டியல் அச்சேறியது என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி. வேட்டைப் பகுதியை எழுதியவர் ஜூலியானா பெர்னர்ஸ் என்ற பெண்மணி என்பது நெடுங்கால வழக்கு. பக்கத்து சாப்வெல் கன்னியர் மடத்தின் தலைவி அவர் என்பார்கள்.

அந்தப் புத்தகத்தில் கூட்டப் பெயர்களின் நீண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. அதற்கு முன்பே கையெழுத்துப் படிகளில் இத்தகைய பட்டியல்கள் உலவின. வேட்டைக்கு வரும் சீமான் மகன் தப்பான சொல் சொன்னால் பண்பில்லாதவன் என்று எண்ணப்பட்ட காலம் அது. அதனால் அது பாதி மரியாதைப் பாடம். மீதிப் பாதி சொல் விளையாட்டு. எப்படித் தெரியும் என்றால், விலங்குகளோடு மனிதர்களுக்கும் அதில் பெயர் இருக்கிறது: நீதிபதிகளுக்கு 'சென்டென்ஸ்', அதாவது தீர்ப்பு, தூதுவர்களுக்கு 'டிலிஜென்ஸ்', அதாவது சுறுசுறுப்பு, யாழ் வாசிப்பவர்களுக்கு 'மெலடி'. இவை எவருடைய பேச்சிலும் இருந்த கூட்டப் பெயர்கள் அல்ல. அவரவர் குணத்தையோ தொழிலையோ ஒற்றைச் சொல்லில் பிடிக்கும் முயற்சி. விலங்குகளுக்கும் அதே கண்ணோட்டம்தான். நரி பதுங்கும், ஆகவே 'ஸ்கல்க்'. கரடி மந்தமாகத் தோன்றும், ஆகவே 'ஸ்லாத்'. அகழெலி மண்ணைத் தோண்டி உழைக்கும், ஆகவே 'லேபர்'. சிறுத்தை பாயும், ஆகவே 'லீப்'. சிறுத்தை தனியாக வாழும் விலங்கு. கூட்டமே சேராத ஒன்றுக்குக் கூட்டப் பெயர் வைத்திருப்பதிலிருந்தே அவர்கள் நோக்கம் புரியும். வானம்பாடிக்கு 'எக்ஸால்டேஷன்' என்று வைத்தார்கள். பாடிக்கொண்டே செங்குத்தாக உயரே போகும் பறவைக்கு அதைவிட அழகாக எவராலும் பெயர் வைக்க முடியாது.

கையால் எழுதிப் படியெடுத்த காலத்தில் பிழைகளும் புகுந்தன. ஃபெரட் என்ற கீரி போன்ற சிறு விலங்கு துறுதுறுவென்று இருக்கும் என்பதால் 'பிஸினஸ்' என்று வைத்திருந்தார்கள். முதல் எழுத்து மாறிப்போய், அடுத்தடுத்துப் படித்தவர்கள் கைப்பட்டு, எந்தப் பொருளும் இல்லாத புதுச் சொல்லாகி, அது பின்வந்த பட்டியல்களிலும் ஏறிவிட்டது. எந்தப் பட்டியலையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது என்பதற்கு இதைத்தான் வகுப்பில் காட்டுவேன்.

காக்கைக்கு 'மர்டர்' என்பதும் 15-ஆம் நூற்றாண்டுப் பட்டியல்களில் வருவதுதான். போர்க்களத்திலும் தூக்குமரத்திலும் பிணம் தின்ன வந்த பறவை அவர்களுக்கு. நமக்கோ அமாவாசைச் சோற்றுக்குக் கூப்பிடும் முன்னோர். இடையில் நெடுங்காலம் வழக்கொழிந்திருந்த அந்தச் சொல்லை 20-ஆம் நூற்றாண்டில்தான் மறுபடி எடுத்தார்கள். இப்போதும் பறவையாளர்கள் குறிப்பேட்டில் 'ஃப்ளாக் ஆஃப் க்ரோஸ்' என்றே எழுதுகிறார்கள். ஆந்தையின் 'பார்லிமென்ட்', வரிக்குதிரையின் 'டேசில்', காண்டாமிருகத்தின் 'க்ராஷ்', புலியின் 'ஆம்புஷ்' ஆகியவை பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டவை. கதையிலும் வினாடி வினாவிலும் சஃபாரி வண்டியிலும் கேட்கலாம்.

இவற்றை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. தனி நோட்டில் எழுதிவைத்து, ஏன் அந்தப் பெயர் என்று பக்கத்தில் ஒரு வரி குறிக்கச் சொல்லுங்கள். பேச்சில் மட்டும் எடுக்க வேண்டாம். 'ஐ சா எ மர்டர் ஆஃப் க்ரோஸ் நியர் தி பஸ் ஸ்டாண்ட்' என்று ஒருவர் சாதாரணமாகச் சொன்னால் கேட்பவர் காக்கையை விட்டுவிட்டு அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

வாக்கியத்தில் வைக்கும்போது

சொல் சரியாக இருந்தும் பின்னால் வரும் 'எஸ்' கவிழ்த்துவிடும். 'ஷீப்', 'டியர்' இரண்டும் ஒன்றானாலும் பலவானாலும் அப்படியே இருக்கும். 'எ ஃப்ளாக் ஆஃப் ஷீப்ஸ்', 'எ ஹெர்ட் ஆஃப் டியர்ஸ்' என்பவை நான் திருத்தும் தாள்களில் அடிக்கடி வரும் பிழைகள். 'கேட்டில்' ஏற்கெனவே பன்மை, 'கேட்டில்ஸ்' கிடையாது. மீன் கூட்டத்துக்கு 'எ ஷோல் ஆஃப் ஃபிஷ்' போதும். 'கூஸ்' பன்மையில் 'கீஸ்', 'உல்ஃப்' பன்மையில் 'உல்வ்ஸ்'. மற்றவற்றுக்கெல்லாம் 'ஆஃப்' என்பதற்குப் பின் பன்மை கட்டாயம். 'எ ஹெர்ட் ஆஃப் எலிஃபன்ட்' என்று ஒருமையில் விட்டுவிடாதீர்கள்.

வினைச்சொல் ஒருமையா பன்மையா? தேர்வு எழுதுகிறவர்களுக்கு என் பதில்: கூட்டத்தை ஒன்றாகப் பார்த்து ஒருமை போடுங்கள். 'தி ஹெர்ட் இஸ் க்ராசிங் தி ரோடு.' பிரிட்டனில் பன்மையும் சகஜம், அதனால் கதைப் புத்தகத்தில் 'ஆர்' பார்த்தால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். இரண்டு கூட்டம் என்றால் 'டூ ஹெர்ட்ஸ் ஆஃப் எலிஃபன்ட்ஸ் ஆர்' என்று முழுவதும் பன்மைக்குப் போய்விடும்.

வீட்டில் பழக்குவது

பட்டியலைக் கையில் கொடுத்து ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். ஒரு வாரத்துக்கு ஒரே சொல்லை எடுங்கள். 'ஃப்ளாக்' வாரம் என்றால், பிள்ளை பள்ளிவிட்டு வந்ததும் அன்று பார்த்த கூட்டம் எது என்று கேளுங்கள். அது நாலு வார்த்தையில் பதில் சொல்ல வேண்டும்: எங்கே, என்ன செய்தது. 'எ ஃப்ளாக் ஆஃப் ஈக்ரெட்ஸ் வாஸ் ஃபாலோயிங் தி ட்ராக்டர்.' உழும் வண்டியின் பின்னால் புழு பொறுக்கப் போகும் கொக்கு நம் கண்முன் இருக்கும் காட்சிதானே. மறுவாரம் 'ஹெர்ட்'. மூன்றாவது வாரம் இரண்டையும் கலந்து கேளுங்கள். தயங்கினால் சொல்லை எடுத்துக்கொடுக்காமல் விலங்கின் பழக்கத்தைக் கேளுங்கள்: மேயுதா, பறக்குதா, வேட்டையாடுதா? பதில் வந்ததும் சொல்லும் வரும்.

புதிதாக ஒரு கூட்டப் பெயர் கண்ணில் பட்டால் மாணவர்களுக்கான ஆங்கில அகராதி ஒன்றைத் திறந்து, அந்தச் சொல்லின் கீழ் விலங்குக் கூட்டம் என்ற பொருள் கொடுத்து உதாரண வாக்கியமும் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் பேச்சு நோட்டில் ஏற்றலாம். இல்லாவிட்டால் அலங்கார நோட்டுக்கு. போட்டித் தேர்வுக்குப் போகிறவர்கள் அலங்கார நோட்டை முந்தைய வாரம் இரண்டு முறை புரட்டினால் போதும். அதிலும் பழைய வினாத்தாள்களில் திரும்பத் திரும்ப வருபவற்றுக்கு அடிக்கோடு போட்டு, அவற்றை மட்டும் காரணத்தோடு படியுங்கள். எது என்று எதுவும் தோன்றாத நேரத்துக்கு 'எ க்ரூப் ஆஃப்' இருக்கிறது. பறவைக்கும் விலங்குக்கும் மீனுக்கும் அது பொருந்தும், நேர்முகத் தேர்விலும் அதைச் சொல்லத் தயங்க வேண்டாம்.